பால்மரம் துளிர்க்கும் காலத்தில் ஒரு நாள் உலா



இளவேனில் என்னும் சொல்லை நம் பிள்ளைகள் பாடநூலில் படிக்கிறார்கள். சித்திரையும் வைகாசியும் இளவேனிற் காலம் என்று மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். ஒப்பித்து முடித்ததும் யாராவது ஒரு பிள்ளை கை தூக்கி, "ஐயா, நம் நாட்டுக்கு இளவேனில் எப்போது வரும்?" என்று கேட்கும். நியாயமான கேள்விதான். நம் நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறது. இங்கே வெயில் உண்டு, மழை உண்டு. பனி உருகி மரங்கள் பூக்கும் பருவம் ஒன்று இங்கே இல்லை.

ஆனாலும் தோட்டத்தில் வாழ்கிறவர்களுக்கு ஓர் இளவேனில் உண்டு. தை, மாசி மாதங்களில் பால்மரங்கள் இலையுதிர்த்து மொட்டையாக நிற்பதும், பிறகு செப்பு நிறத்தில் துளிர் விடுவதும் நாம் ஆண்டுதோறும் காணும் காட்சி. அதே நாள்களில் நம் தலைக்கு மேலே ஆயிரக்கணக்கான பருந்துகள் வடக்கு நோக்கிப் பறந்து போகின்றன. அவை போவது உண்மையான இளவேனிலைத் தேடித்தான். இந்த இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வீடு திரும்ப முடியும். எப்படி என்பதுதான் இன்றைய உரையின் பொருள்.

இதைப் பற்றிப் பேச இன்னொரு காரணமும் உண்டு. பட்டணத்தில் குடியேறிவிட்ட அண்ணன், அக்காள் குடும்பத்தார் விடுமுறையில் தோட்டத்துக்கு வருகிறார்கள். பிள்ளைகள் வந்த அரைமணி நேரத்தில், "இங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். நம் பிள்ளைகளும் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். பிறகு எல்லாரும் கைத்தொலைபேசியும் கையுமாகத் திண்ணையில் உட்கார்ந்து விடுகிறார்கள். நம் வீட்டு வாசலிலேயே ஒரு பாடம் கிடக்கிறது. அதைக் காட்டத் தெரியாததால்தான் ஒன்றுமில்லை என்கிறோம்.

முதலில் மரத்தைப் பார்ப்போம்.

ரப்பர் மரத்தின் சொந்த ஊர் தென்னமெரிக்காவின் அமேசான் காடு. 1876இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து அதன் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். அவற்றில் முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூரை வந்தடைந்தன. சில கன்றுகள் பேராக்கின் கோலாகங்சாரில் நடப்பட்டன. 1896இல் தான் சே யான் என்பவர் மலாக்காவில் வாணிகத்துக்காகவே ரப்பரைப் பயிரிட்டார். மரத்தைச் சாகவிடாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தவர் சிங்கப்பூர்ப் பூங்காவின் இயக்குநர் ரிட்லி. நம் முன்னோரைப் போலவே இந்த மரமும் கப்பல் ஏறி வந்ததுதான்.

பால்மரம் மூன்று நான்கு வயதைக் கடந்ததும் ஆண்டுக்கு ஒருமுறை இலைகளை உதிர்க்கத் தொடங்குகிறது. தீபகற்பத்தின் பெரும்பகுதியில் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைந்த காலம். அப்போது பச்சை இலைகள் மஞ்சளாகி, சில மரங்களில் செந்நிறமும் கொண்டு, காற்றடிக்கும்போது மழைபோல் கொட்டுகின்றன. சில நாள்கள் மரம் வெறும் கிளையாக நிற்கும். பிறகு கிளை நுனிகளில் துளிர் வெடிக்கும். அந்தத் துளிர் பச்சையாக இருப்பதில்லை. செப்புக் குடம்போல் பழுப்பும் சிவப்பும் கலந்த நிறம். வாடிய கீரைபோல் தொங்கிக்கொண்டிருக்கும். பிறகு இளம்பச்சையாகி, நிமிர்ந்து, தடித்து, கரும்பச்சையாக முதிரும். இதற்கு ஏறக்குறைய ஐந்தாறு வாரம் பிடிக்கும்.

இந்த வாரங்களில் மங்கில் பால் குறைகிறதே, ஏன் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? மரத்தின் சமையற்கட்டு இலைதான். வெயிலையும் நீரையும் காற்றையும் கொண்டு இலை சர்க்கரையை ஆக்குகிறது. அந்தச் சர்க்கரையிலிருந்துதான் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் பால் உண்டாகிறது. இலையெல்லாம் உதிர்ந்துவிட்டால் சமையற்கட்டு மூடிக்கிடக்கிறது என்று பொருள். துளிர் விடும்போதோ, தண்டில் சேமித்து வைத்த உணவை எடுத்துப் புதிய இலைக்கும் பூவுக்கும் செலவிட வேண்டியிருக்கிறது. அப்போது பட்டையைச் சீவினால் பால் எங்கிருந்து வரும்? அதனால்தான் பல இடங்களில் துளிர்க் காலத்தில் வெட்டுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். மரம் பிடிவாதம் பிடிக்கவில்லை. பிள்ளை பெற்ற தாய் தன் உடம்பைத் தேற்றிக்கொள்வதுபோல் தேற்றிக்கொள்கிறது.

பால் குறைந்தால் கூலியும் குறையும். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. பால் வெட்டி வாழும் குடும்பத்துக்கு மாசி, பங்குனி மாதங்கள் கைகடிக்கும் மாதங்கள். "வீட்டில் அரிசிக்கே கணக்குப் பார்க்கிறோம், வாத்தியார் உலாப் போகச் சொல்கிறாரே" என்று சில தாய்மார்கள் நினைக்கக்கூடும். அவர்களை எண்ணித்தான் செலவில்லாத உலாவை முதலில் சொல்கிறேன்.

விருந்தாளிப் பிள்ளைகளையும் நம் பிள்ளைகளையும் காலை ஏழு மணிக்கு எழுப்பி, நிரைக்குள் கூட்டிச் செல்லுங்கள். மண்டோரிடம் முன்னதாக ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. நீண்ட கால்சட்டையும் சப்பாத்தும் போட்டுக்கொள்ளட்டும். சருகுக்குள் தேளும் பாம்பும் இருக்கலாம். கொசுக்கடியும் உண்டு.

அங்கே மூன்று வேலை கொடுங்கள். முதலாவது, துளிரின் ஐந்து நிலைகளைத் தேடச் சொல்லுங்கள்: மொட்டு, செப்புத் துளிர், தொங்கும் இலை, இளம்பச்சை இலை, முதிர்ந்த இலை. ஒவ்வொன்றாகப் பழைய நோட்டுப் புத்தகத்தில் வைத்து அழுத்தினால் ஒரு வாரத்தில் காய்ந்து அழகான படமாகும். இரண்டாவது, ஓர் இலைக்காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகள் சேரும் இடத்தை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். இளம் இலைகளில் அங்கே தேன் சுரக்கும் சிறு புள்ளிகள் தெரியும். தேனீக்கள் பூவைவிட அந்தப் புள்ளிகளைத்தான் மிகுதியாக நாடுகின்றன. ரப்பர்க் காட்டுத் தேன் என்று விற்கப்படுவது பெரும்பாலும் அங்கிருந்து வருவதே. மூன்றாவது, சிறிய வெளிர்மஞ்சள் பூக்கொத்துகளைத் தேடச் சொல்லுங்கள். அந்தப் பூவே காயாகி, ஏறக்குறைய ஐந்து மாதம் கழித்து, நல்ல வெயிலில் பட்டென்று வெடித்துக் கொட்டையைத் தூர எறிகிறது. கொட்டையைக் கல்லில் தேய்த்துப் பக்கத்தில் இருப்பவன் கையில் சூடு வைக்கும் விளையாட்டு தோட்டத்தில் வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். பட்டணத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கொட்டை எங்கிருந்து வருகிறது என்பது அன்றுதான் விளங்கும்.

இலைகளின் மேல் சாம்பல் தூவியதுபோல் வெண்மை படர்ந்திருந்தால் அதையும் காட்டுங்கள். துளிர் விடும் நேரத்தில் மழையும் ஈரமும் சேர்ந்தால் ஒருவகைப் பூஞ்சணம் இளம் இலையைப் பிடிக்கிறது. இலை மறுபடியும் உதிர்கிறது. மரம் இரண்டாம் முறை துளிர்க்க வேண்டியிருப்பதால் பால் குறையும் நாள்களும் நீளுகின்றன. வானத்து மழைக்கும் வீட்டு அரிசிப் பானைக்கும் உள்ள தொடர்பைப் பிள்ளை இப்படித்தான் புரிந்துகொள்ளும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. மாசி வெயிலில் கணுக்கால் அளவு கிடக்கும் சருகு பஞ்சுக்குச் சமம். வீசி எறிந்த ஒரு சிகரெட்டுத் துண்டு நிரை நிரையாக மரங்களைக் கருக்கிவிடும். தீப்பட்ட பட்டையில் பால் வெட்ட முடியாது. ஆகவே நிரைக்குள் புகையும் வேண்டாம், அடுப்பு மூட்டிச் சமைப்பதும் வேண்டாம்.

சரி, மரத்தைப் பார்த்தோம். இனி வானத்தைப் பார்ப்போம்.

வடக்கே சைபீரியா, சீனத்தின் வடபகுதி, ஜப்பான் ஆகிய இடங்களில் கடுங்குளிர் வரும்போது பூச்சிகள் மறைந்துவிடுகின்றன. அவற்றைத் தின்று வாழும் பறவைகள் தெற்கே பறந்து வந்து சுமத்திரா, ஜாவா, போர்னியோ காடுகளில் தங்குகின்றன. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வடக்கே பனி உருகத் தொடங்குகிறது. பகல் நீளுகிறது. பூச்சிகள் பெருகுகின்றன. கூடு கட்டிக் குஞ்சு பொரிக்க அதுவே நல்ல காலம். பறவைகள் மீண்டும் புறப்படுகின்றன. அப்படிப் புறப்படுவனவற்றுள் முக்கியமானது தேன்பருந்து. தேனீக்கூடு, குளவிக்கூடு ஆகியவற்றைப் பிய்த்து, உள்ளே இருக்கும் புழுக்களைத் தின்பதால் இந்தப் பெயர். கொட்டு விழாமல் இருக்க அதன் முகத்தில் செதில்போன்ற அடர்ந்த சிறகுகள் உள்ளன.

சுமத்திராவிலிருந்து வடக்கே போக வேண்டுமானால் மலாக்கா நீரிணையைக் கடந்தாக வேண்டும். இங்கேதான் சிக்கல். பருந்து ஓயாமல் சிறகடித்துப் பறக்கும் பறவை அன்று. வெயிலில் நிலம் சூடேறும்போது மேலே எழும் வெப்பக்காற்றில் ஏறிக்கொண்டு, வட்டமிட்டு உயர்ந்து, பிறகு சிறகை விரித்துச் சறுக்கிக்கொண்டே போகும். காசில்லாமல் ஏறிப் போகும் வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலின் மேல் அந்த வெப்பக்காற்று சரியாக எழுவதில்லை. அங்கே சிறகடித்தே தீர வேண்டும். ஆகவே கடல் குறுகலாக உள்ள இடத்தைத் தேடிக் கடக்கின்றன. சுமத்திராவை ஒட்டிய ரூபாட் தீவுக்கும் நம் தஞ்சோங் துவானுக்கும் இடையே கடலின் அகலம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். அந்த வழியாகத்தான் அவை வருகின்றன. கடலைக் கடந்து களைத்துப்போய், தாழ்வாகப் பறந்து, தஞ்சோங் துவான் குன்றின் மேல் வந்து சேருகின்றன. அங்கே கிடைக்கும் வெப்பக்காற்றில் ஏறி, மறுபடியும் வட்டமிட்டு உயர்ந்து, வடக்கே போய்விடுகின்றன. தென்திசைப் பயணத்தின்போது அவை உயரத்தில் பறந்து போய்விடுவதால் கண்ணுக்குப் புள்ளியாகத்தான் தெரியும். திரும்பிப் போகும்போதுதான் தலைக்கு மேலே சிறகின் வரிகள் தெரியும் அளவுக்குத் தாழ்ந்து வருகின்றன.

இக்காட்சியைப் பொதுமக்களுக்குக் காட்டுவதற்காக மலேசிய இயற்கைச் சங்கம் 2000ஆம் ஆண்டில் மார்ச் மாதப் பருந்து பார்க்கும் நிகழ்ச்சியைத் தஞ்சோங் துவானில் தொடங்கியது. அந்த நிகழ்ச்சி நாளில்தான் போக வேண்டும் என்பதில்லை. பிப்ரவரி கடைசி முதல் மார்ச் முழுவதும், மழையில்லாத வெயில் நாளில், காலை பதினொரு மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணிவரை பார்க்கலாம். நிலம் சூடேறிய பிறகே பருந்துகள் புறப்படும். கடலைக் கடக்கவும் நேரமாகும். ஆதலால் விடியற்காலையில் போய் நின்று, "ஒன்றையும் காணோம்" என்று திரும்பி விடாதீர்கள்.

தஞ்சோங் துவான் போர்ட்டிக்சன் பட்டணத்துக்குத் தெற்கே ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பிள்ளைகளுக்கு ஒரு விடுகதை சொல்லலாம்: "நெகிரி செம்பிலானுக்கு நடுவே மலாக்கா. எங்கே?" விடை தஞ்சோங் துவான்தான். சுற்றியுள்ள நிலமெல்லாம் நெகிரி செம்பிலானைச் சேர்ந்தது; அந்த முனை மட்டும் மலாக்கா மாநிலத்துக்குரியது. அடிவாரத்திலிருந்து காட்டின் நிழலில் ஏறுமுகமாகச் செல்லும் சாலையில் நடந்தால் கலங்கரை விளக்கத்தை அடையலாம். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் அந்த இடத்தில் விளக்கேற்றினார்கள். இப்போது நிற்கும் கோபுரம் 1863இல் எழுந்தது. அங்கிருந்து பார்த்தால் நீரிணையில் கப்பல்கள் வரிசையாகப் போவது தெரியும். முழங்கால் வலியுள்ள பாட்டிமார்கள் மேலே ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கீழே கடற்கரையில் நிழலில் உட்கார்ந்தபடியே வானத்தைப் பார்க்கலாம்.

எல்லாப் பருந்தும் பயணப் பறவை என்று எண்ணிவிடக் கூடாது. தலையும் மார்பும் வெள்ளை, உடம்பு செந்நிறம் என்றால் அது நம் ஊர்ச் செம்பருந்து. நாம் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வது அதைத்தான். வயிறு முழுவதும் வெள்ளையாக, மிகப் பெரிதாக இருந்தால் அது கடற்கழுகு. இவை இரண்டும் இங்கேயே குடியிருப்பவை. கழுத்து சற்று நீண்டு, தலை புறாத்தலைபோல் சிறுத்து, சிறகு அகன்று, வாலில் பட்டை பட்டையாகக் கோடுகள் இருந்தால் அது தேன்பருந்து. நிறம் மட்டும் ஒன்றுக்கொன்று மாறுபடும். தொலைநோக்கி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் வெறுங்கண்ணே போதும். தொலைநோக்கி வைத்திருக்கும் பிள்ளைகளிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: அதை ஒருபோதும் சூரியன் பக்கம் திருப்பக் கூடாது. பார்வையே போய்விடும்.

போகிற வழியில் லுக்குட்டில் ஒருமணி நேரம் இறங்கலாம். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகும் சாலையில்தான் அது இருக்கிறது. ராஜா ஜுமாஆட் என்னும் இளவரசர் 1847இல் அங்கே குன்றின் மேல் கோட்டை கட்டினார். அந்த நாளில் லுக்குட் ஈயத்துக்குப் பெயர்பெற்ற ஊர். 1857இல் கிள்ளான் ஆற்றின் வழியாக மேலே போய் ஈயம் தேடிய 87 சீனத் தொழிலாளர்கள் லுக்குட்டிலிருந்து புறப்பட்டவர்கள் என்பது வரலாறு. அவர்கள் கரையேறிய இடத்தை ஒட்டி வளர்ந்ததுதான் கோலாலம்பூர். தலைநகரில் வாழும் விருந்தாளிப் பிள்ளைகளுக்கு, அவர்கள் ஊரின் கதை நம் பக்கத்து ஊரில் தொடங்குகிறது என்று சொல்லிப் பாருங்கள். முகத்தில் வியப்பு தெரியும்.

அடுத்துப் பயணச் செலவு. தனிக் குடும்பமாகப் போனால் செலவு கூடும். நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு வேன் அமர்த்தினால் ஆளுக்கு வரும் பங்கு சிறியது. பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோயில் குழு, இளைஞர் மன்றம் ஆகியவை பொறுப்பேற்றால் இன்னும் எளிது. தை மாதத்திலிருந்தே வாரம் இரண்டு வெள்ளி உண்டியலில் போட்டு வந்தால் பங்குனியில் யாருக்கும் பாரமாக இராது. செலவு மிச்சம் என்று எண்ணித் திறந்த லோரியில் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல வேண்டாம். சட்டமும் இடங்கொடாது, வளைவில் ஒரு குலுக்கலுக்குப் பிள்ளையின் உயிரும் தாங்காது.

உணவைக் கடையில் வாங்குவதைவிடக் கட்டுச்சோறே சிறந்தது. புளிச்சோறு வெயிலுக்குக் கெடாது. தேங்காய்ப்பால் சேர்த்த பண்டங்கள் நண்பகலுக்குள் ஊசிப்போகும், அவற்றைத் தவிர்க்கவும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீராவது வேண்டும். சர்க்கரைப் பானம் தாகத்தைத் தணிக்காது. குடையும் தொப்பியும் மறக்கக் கூடாது. பிள்ளைக்குத் தலைவலி, வாந்தி, தோல் சூடாகிச் சோர்வு என்று கண்டால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், ஈரத்துணியால் துடைத்து, சிறிது சிறிதாக நீர் கொடுங்கள். நினைவு தடுமாறினால் காத்திருக்காமல் 999ஐ அழையுங்கள். குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள். இன்று கையில் வாங்கும் குரங்கு நாளை பையைப் பிடுங்கும். கொண்டுபோன குப்பையை ஒரு பையில் கட்டிக்கொண்டு திரும்புங்கள்.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்த உரையில் தலையாயது. தாய்மார்கள் சற்றுக் கவனமாகக் கேட்கவும்.

உலா என்றால் நம் மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது தண்ணீர்தான். பருந்து பார்க்க வந்தவர்களும் பிற்பகலில் கடலில் இறங்குவார்கள். வேறு சிலர் கோலப்பிலா சாலையில் உள்ள உலு பெண்டோல் நீரோடைக்குப் போவார்கள். இரண்டும் நல்ல இடங்கள். ஆனால் விடுமுறை தோறும் எங்காவது ஒரு பிள்ளை நீரில் மூழ்கிய செய்தி நாளிதழில் வருகிறது. அந்தச் செய்திகளில் நம் பெயர்களும் இருக்கின்றன. தோட்டப் பிள்ளைகளில் பலருக்கு நீச்சல் கற்க வாய்ப்பில்லை. குட்டையில் குதித்துப் பழகியதை நீச்சல் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

மலையோடையில் உள்ள பேராபத்தை மலாய்மொழியில் கெப்பாலா ஆயர் என்கிறார்கள். நாம் குளிக்கும் இடத்தில் வெயில் பளிச்சென்று அடிக்கும். மேலே மலையில் மட்டும் மழை பெய்திருக்கும். அந்த மழைநீர் குறுகிய ஓடை வழியே திரண்டு, மரக்கட்டைகளையும் கற்களையும் உருட்டிக்கொண்டு, சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். வந்த பிறகு ஓட நேரமிராது. அதற்கு முன்பே சில அடையாளங்கள் தெரியும். தெளிந்த நீர் திடீரென்று கலங்கும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். கால்மட்டத்தில் இருந்த நீர் கொஞ்சம் கொஞ்சமாக உயரும். மலைப்பக்கம் இருண்டிருக்கும். மேலிருந்து இரைச்சல் கேட்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் போதும். சட்டி பானை, சப்பாத்து எதையும் எடுக்க நிற்காமல் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். நீர்வழியிலேயே கீழ்நோக்கி ஓடக் கூடாது. பக்கவாட்டில் கரையேற வேண்டும். ஓடையின் நடுப்பாறையில் பாய் விரித்துச் சாப்பிடும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள்.

கடலிலும் விதி உண்டு. சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக் கூடாது. இடுப்பளவுக்கு மேல் யாரும் போகக் கூடாது. சொறிமீன் பட்டு எரிந்தால் தேய்க்காமல், நல்ல தண்ணீர் ஊற்றாமல், கடல்நீராலேயே கழுவிவிட்டு மருந்தகத்துக்குச் செல்ல வேண்டும்.

பத்துப் பேர் சேர்ந்து கவனித்தால் ஒருவரும் கவனிப்பதில்லை என்பது என் அனுபவம். ஆகவே பெயர் சொல்லிப் பொறுப்புக் கொடுங்கள். "இந்த நான்கு பிள்ளைகளும் மாமா பொறுப்பு, அடுத்த நான்கும் அத்தை பொறுப்பு" என்று பிரித்துவிடுங்கள். பொறுப்பில் இருப்பவர் கைத்தொலைபேசியைப் பையில் வைத்துவிட வேண்டும். மது அருந்தியவரிடம் பிள்ளையை ஒப்படைக்கக் கூடாது. யாராவது தத்தளித்தால், நீச்சல் தெரியாதவர் பின்னாலேயே குதிப்பது ஓர் உயிருக்கு இரண்டு உயிரைக் கொடுப்பதாகும். கம்பை நீட்டுங்கள், கயிற்றை வீசுங்கள், மூடியிட்ட காலிப் பிளாஸ்டிக் கலனை எறியுங்கள். நீளமான கயிறும் ஒரு காலிக் கலனும் கட்டுச்சோற்றுக் கூடையோடு எப்போதும் போகட்டும். ஓடையில் குளித்து வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டால், ஓடையில் குளித்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எலிச்சிறுநீர் கலந்த நீரால் வரும் காய்ச்சலாக இருக்கலாம். காலில் ஆறாத புண் உள்ளவர்கள் ஓடையில் இறங்காமல் இருப்பதே நலம்.

வீடு திரும்பிய பிறகு ஒரு சிறு வேலை பாக்கி இருக்கிறது. அன்று மாலையே பிள்ளைகளை உட்கார வைத்து, கண்டதை எழுதச் சொல்லுங்கள். தேதி, இடம், வெயிலா மழையா, எத்தனை பருந்து, துளிர் எந்த நிலையில் என்று ஐந்தே வரி போதும். அடுத்த ஆண்டு அதே நாளில் மறுபடியும் எழுதட்டும். நான்கு ஆண்டு எழுதினால், துளிர் முந்துகிறதா பிந்துகிறதா என்பதை அந்தப் பிள்ளையே சொல்லும். விஞ்ஞானம் என்பது இப்படிப் பார்த்துக் குறித்து வைப்பதில்தான் தொடங்குகிறது. அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்.

பாட்டியையும் தாத்தாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு விடியுமுன் நிரைக்குப் போனது, பால் குறைந்த மாதத்தில் கடைக்காரரிடம் கணக்கு வைத்தது, துளிர் கண்டதும் மனம் நிம்மதியடைந்தது இவற்றையெல்லாம் அவர்கள் சொல்லட்டும். பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்கள் இருந்த இடமே தெரியவில்லை. பட்டணத்தில் பிறந்த பேரப்பிள்ளை பால்மரத்தைத் தொட்டுப் பார்க்கவும், அதன் துளிரோடு தன் பாட்டியின் வாழ்க்கை எப்படிப் பிணைந்திருந்தது என்று அறியவும் இன்னும் எத்தனை பங்குனி கிடைக்குமோ! அந்தப் பிள்ளை, "என் பாட்டி வெறும் பால் வெட்டியவள்" என்று சொல்லக் கூடாது. "என் பாட்டிக்கு ஒரு மரத்தின் முகத்தைப் பார்த்தே அதன் நலம் தெரியும்" என்று சொல்ல வேண்டும். நம் பிள்ளையும், "இங்கே ஒன்றுமில்லை" என்று தலைகுனியக் கூடாது.

ஆகவே தாய்மார்களே, கையில் காசு இருந்தால் தஞ்சோங் துவானுக்குப் போங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நிரைக்குள் போங்கள். நண்பகலில் அங்கிருந்தே நிமிர்ந்து பாருங்கள். கடலைக் கடந்து வந்த பருந்துகள் மொட்டைக் கிளைகளுக்கு மேலே வட்டமிட்டு வடக்கே போவதை, நல்ல நாளாக இருந்தால், அங்கேயும் காணலாம்.